பழைய சோஃபா விற்கப் போய் 34 ஆயிரம் போச்சு! ஆன்லைனில் பொருள் விற்பவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள்?

அரூரில் இருந்து வேலைக்காக திருப்பூருக்கோ பெங்களூருக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். பழைய பிரிட்ஜ், கட்டில், பைக் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போக முடியாது. போட்டோ எடுத்து ஆன்லைனில் போட்டாச்சு. கொஞ்ச நேரத்திலேயே போன் வருகிறது. பேரம் கிடையாது, பொருளை நேரில் பார்க்கவும் இல்லை. "பணத்தை இப்பவே போட்டுடறேன் சார், பொருளை அப்புறம் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்" என்கிறார் பேசுபவர். நல்ல ஆளா இருக்காரேன்னு தோணுதா? உஷாராக வேண்டிய இடமே அதுதான்.

ஆன்லைன் சந்தையில் ஏமாறுவது வாங்குபவர்தான் என்று பலரும் நினைக்கிறோம். விற்பவருக்கும் ஆபத்து இருக்கிறது. அது பொருள் கைமாறும் முன்பும் வரலாம், கைமாறி பல வருஷம் கழித்தும் வரலாம்.

டெல்லியில் நடந்தது என்ன?

2021 பிப்ரவரியில் நடந்த சம்பவம் இது. அப்போது டெல்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள், ஓஎல்எக்ஸ் தளத்தில் பழைய சோஃபாவை விற்பனைக்குப் போட்டிருந்தார். வாங்குவதாகச் சொன்ன நபர், கணக்கு சரியா என்று பார்ப்பதாகச் சொல்லி முதலில் சிறு தொகையை அனுப்பினார். அது வந்து சேர்ந்ததும் நம்பிக்கை வந்தது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்ததும் 20 ஆயிரம் ரூபாய் போய்விட்டது. தவறான கோடு அனுப்பிவிட்டதாகச் சொல்லி அவர் இன்னொன்றை அனுப்ப, மேலும் 14 ஆயிரம் போனது. பிறகு இந்த வழக்கில் 3 பேரை டெல்லி போலீசார் கைது செய்தனர்.

பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை யார் ஸ்கேன் செய்கிறார்கள்? பணம் கொடுக்கிற நாம்தான். கடைக்காரர் ஸ்கேன் செய்வதில்லை, பின் நம்பரும் போடுவதில்லை. அவருக்குப் பணம் தானாக வந்து சேர்கிறது. நீங்கள் பொருள் விற்கும்போது நீங்கள்தான் கடைக்காரர். யுபிஐ பின் என்பது செக்கில் போடும் கையெழுத்து மாதிரி. அதைப் போட்டால் பணம் வெளியேதான் போகும்.

தனிநபர்கள் ஒருவருக்கொருவர் 'பணம் அனுப்பு' என்று யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியை, 2025 அக்டோபர் 1 முதல் தேசிய பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் நிறுத்தச் சொன்னது. ஏமாற்றுவதற்கான ஒரு வழி அடைபட்டது. ஆனால் க்யூஆர் கோடு, லிங்க், போனைத் தொலைவில் இருந்தே இயக்கும் ஆப் என்று மற்ற வழிகள் இருக்கின்றன. "5 ஆயிரத்துக்குப் பதில் 50 ஆயிரம் போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்று போலி எஸ்எம்எஸ்ஸைக் காட்டிக் கெஞ்சுவதும் உண்டு. எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். வங்கி ஆப்பைத் திறந்து கணக்கில் இருப்பைப் பாருங்கள்.

பைக், கார் விற்றால் வேலை முடிஞ்சுதா?

இல்லை. ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது கைமாறிக்கொண்டே போனது. ஆனால் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒருவர் இறந்தார். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல கை தாண்டிப் போன கார், முதலில் விற்றவர் தலையிலேயே வந்து விழுந்தது.

அதனால் "பேரை அப்புறம் மாத்திக்கறேன்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, விற்ற 14 நாட்களுக்குள் விற்றவரும் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். வாங்கியவரின் அடையாள அட்டை நகல், தேதி, நேரம் எழுதிய ரசீது கையில் இருக்கட்டும்.

பழைய செல்போன் விற்கும்போது?

போட்டோவை மட்டும் அழித்தால் போதாது. கூகுள் கணக்கு, யுபிஐ ஆப்களில் இருந்து வெளியேறி, சிம், மெமரி கார்டை எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே கொடுங்கள்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முயற்சி செய்வார்கள் என்பதால், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். தேசிய சைபர் க்ரைம் இணையதளத்திலும், தருமபுரி மாவட்ட சைபர் க்ரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். பின், ஓடிபியைப் பிறரிடம் சொல்லிவிட்டுப் பணத்தை இழந்தால், புகார் சொல்லும் வரை ஆன நஷ்டம் வாடிக்கையாளருக்கு. சொன்ன பிறகு ஆகும் நஷ்டம் வங்கிக்கு என்று 2017-ல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கிற நேரம், மோசடிக்காரருக்கு நாம் கொடுக்கிற அவகாசம்.