விமானத்தில் ஓர் இடைச்செருகல்

பள்ளி விட்டதும் வீடு சென்று பிளாஸ்ரிக் ஆகாயவிமானம் ஒட்டிக்கொண்டிருக்கிறார் பண்டிதர் என்று கேள்வியுற்ற நண்பர் சிலர் நகைத்தனர். நகைக்கட்டும். எழுத்தெண்ணிப் படித்துப் பழகிய கண்களுக்கு அஃது அத்துணை அந்நியமான தொழில் அன்று. ஈராண்டுக் காலம் அதிற் பட்ட பாட்டையும், இடையே நான் இழைத்த பெரும்பிழை ஒன்றையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இலண்டனில் வாழும் என் தமக்கை மகன் விடுமுறைக்கு மன்னார் வந்தபோது பெரியதொரு பெட்டியைக் கொணர்ந்து என்முன் வைத்தான். "மாமா, நுணுக்கமான வேலை எண்டால் உங்களுக்குப் பிடிக்கும்தானே" என்றான். திறந்து பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டங்களில் காய்த்துத் தொங்கினாற்போல் எண்ணிறந்த உறுப்புக்கள். ஹரிகேன் என்னும் போர்விமானத்தின் முதல் வகை அது. உண்மையின் இருபத்து நான்கில் ஒரு பங்கு. உண்மை விமானத்தின் சிறககலம் 40 அடி. என் மேசையில் அது 20 அங்குலம். ஓரடிக்கு அரை அங்குலம் என்பது கணக்கு. கையடக்கமான சிறு விமானங்களில் ஒளிந்துகொள்ளும் குற்றங்கள் இப்பேரளவில் ஒளிய இடமின்றி வெளிப்பட்டு நிற்கும்.

சிட்னி காம் வகுத்த ஹரிகேன் 1935 நவம்பர் 6இல் முதன்முதற் பறந்தது. 14,000க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. 1940இல் ஆங்கில நாட்டு வானத்தைக் காத்த விமானம் என்றே நூல்கள் பேசும். நமக்கு அது வேறொரு வகையிலும் உறவு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோதும், 9ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கியபோதும் எதிர்த்தெழுந்த விமானங்களுள் முதன்மையானவை ஹரிகேன்களே. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி அங்கிருந்து எழுந்த 258ஆம் அணியில் இம்முதல் வகையினவும் இருந்தன. ஆதலின் பெட்டியிலிருந்த ஆங்கில நாட்டு அடையாளங்களை ஒதுக்கிவிட்டு, அத்திடலின் விமானமொன்றைச் செய்வதென முடிவு செய்தேன்.

பெட்டியில் வந்ததை வந்தவாறே ஒட்டினால் ஒரு கிழமையில் வேலை முடிந்துவிடும். ஆனால் வார்ப்புக்குத் தன் எல்லை உண்டு. உருகிய பிளாஸ்ரிக் மிக மெல்லிய இடுக்கினுள் ஓடாது. சிறகின் பின்விளிம்பு என் பெட்டியில் ஒரு மில்லிமீற்றர் தடித்திருந்தது. உண்மைக்குப் பெருக்கினால் ஏறத்தாழ ஓர் அங்குலம்! அத்துணை மொத்தை விளிம்பைக் கொண்டு விமானம் பறக்காது. வேண்டுமானால் அம்மி செய்யலாம். உட்புறத்தை அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலியச் செய்தேன். பின்னுடலோ மரச்சட்டங்களின்மேல் இழுத்துப் போர்த்த லினன் துணி. மெருகு பூசியதும் அது சுருங்கிப் பறைத்தோல்போல் விறைத்து நிற்கும். வார்த்தவர் துணி என்பதைக் காட்டும் ஆர்வத்தில், காற்றற்ற பாய்மரப் பாய்போல் அதனைத் தொய்ய விட்டிருந்தார். அதனையும் தேய்த்துத் திருத்தினேன்.

மன்னாரில் இத்தொழிலுக்கென்று கடை ஏது? கைக்கு அகப்பட்டனவே கருவிகள். பால்மாப் பொதியின் உட்புற ஈயத்தாளைக் கீற்றுக் கீற்றாய் வெட்டி விமானியின் நாற்பட்டைக் கச்சாக்கினேன். பட்டையிலுள்ள துளைகளைத் தையலூசி முனை இட்டது. பழைய தொலைபேசிக் கம்பியின் செப்பிழைகள் எண்ணெய்க் குழாய்கள் ஆயின. வாலுக்குச் செல்லும் இழுகம்பிகளுக்கு மீனவர் வலை பின்னும் தங்கூசியினும் பொருத்தமான பொருள் உலகில் இல்லை என்பேன். யோகட் கிண்ணம் தகடானது. உறுப்புக்களைத் தாங்கியிருந்த சட்டக்குச்சியையும் எறியவில்லை. விளக்குச் சுடருக்குச் சற்று மேலே, சுடர் தீண்டாமல், அதனை உருட்டிச் சூடாக்கி, மினுங்கத் தொடங்கும் கணத்தில் அப்பால் எடுத்து இருபுறமும் இழுத்தால் மயிரினும் மெல்லிய இழை கிடைக்கும். விரைந்து இழுத்தால் மெல்லியது. தயங்கி இழுத்தால் தடித்தது. இதனைப் பயில எனக்கு இருபது குச்சிகள் செலவாயின.

வண்ணம் பூசுவதற்குப் பகைவன் காற்று. சோழகம் எழுந்துவிட்டால் இத்தீவில் மணல் நுழையாத வீடில்லை. ஆகவே விடியுமுன், காற்று அடங்கிய வேளையில், தெருக்கழுதைகளும் உறங்கும் நேரத்தில் எழுந்து பூசினேன்.

வீண்வேலையும் உண்டு. சிறகின் முன்விளிம்பில் எட்டுத் துப்பாக்கித் துளைகளையும் குடைந்து, மருத்துவர் கழித்த ஊசியை நறுக்கிக் குழல்களாகச் செருகினேன். மூன்று மாலைகள் அதிற் கழிந்தன. பின்னரே அறிந்தேன்: தூசும் ஈரமும் புகாவண்ணம் அத்துளைகளைத் துணித்துண்டு ஒட்டி மூடியே விமானத்தைப் புறப்பாட்டுக்கு நிறுத்துவர். என் எட்டுக் குழல்களும் இப்போது துணிக்குப் பின்னே இருக்கின்றன. நானறிவேன், போதும்.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

விமானி அமரும் அறையைப் பொருத்தியபோது அவன் காலின்கீழ் ஒன்றுமே இல்லாதது கண்டேன். இருக்கை உண்டு, கால்வைக்க இரு நீண்ட தொட்டிகள் உண்டு, அவற்றின்கீழ்க் குறுக்கும் நெடுக்குமாய்ச் சில குழாய்கள், அப்பால் வெறும் பள்ளம். வார்த்தவர் சிக்கனம் கருதித் தளத்தை விட்டுவிட்டார் என்று எண்ணினேன். தளமில்லாத அறை எங்கேனும் உண்டா? யோகட் கிண்ணத் தகட்டில் அழகியதொரு தளம் வெட்டி, ஆணித்தலைகளும் பொறித்து, கரைப்பானிட்டு ஒட்டினேன். விமானத்திலேயே அழகான பகுதி அதுவாக அமைந்தது. வீட்டுக்கு வருவோர்க்கெல்லாம் முதலில் அதனையே காட்டினேன்.

என்னிடம் தமிழ் கற்கும் பதினோராந் தர மாணவி ஒருத்தி ஒருநாள் வந்தாள். அவ்வாரந்தான் வகுப்பில் இடைச்செருகல் என்பது யாது என விளக்கியிருந்தேன். ஏடெழுதுவோன் மூலத்தில் ஏதோ குறைகிறது என்று தானே கருதி, தன் கைச்சரக்கைப் பெய்து நிரப்புவதே அது. அத்தகையோர் தீயவரல்லர், பெரும்பாலும் நூலின்மேல் அன்புடையோரே என்றும் சொல்லியிருந்தேன். அவள் விமானத்தையும், மேசையில் விரிந்து கிடந்த விளக்கப்படத்தையும் மாறி மாறி நெடுநேரம் நோக்கினாள்.

"ஐயா, இந்தத் தளம் படத்திலை காணேல்லையே. இது எந்த ஏட்டிலை இருந்து வந்தது?"

குறும்பாகக் கேட்டாள் அல்லள், உண்மையாகவே கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. அன்றிரவு கிடைத்த படங்களையெல்லாம் உருப்பெருக்கியால் ஆராய்ந்தேன். அவள் சொன்னதே சரி. ஹரிகேனில் விமானியின்கீழ்த் தளம் என்பது கிடையாது. கால் தொட்டிகளில் நிற்கும். கைதவறிய பென்சில் குழாய்களினூடே வீழ்ந்து விமானத்தின் வயிற்றில்தான் கிடக்கும். வார்த்தவர் எதனையும் விடவில்லை. அந்த வெறுமையே மூலபாடம். குறையென்று கருதி அதனை நிரப்பியவன் நான். அதுவும் இடைச்செருகலைப் பற்றிப் பாடஞ்சொல்லிய அதே வாரத்தில்!

கரைப்பானால் ஒட்டியது வெறும் ஒட்டன்று. இரு பிளாஸ்ரிக்கும் உருகி ஒன்றாகிவிடும். தளத்தைப் பெயர்த்தபோது குழாய்கள் ஐந்தும் கால்தொட்டி ஒன்றும் கூடவே முறிந்தன. அவற்றைப் புதிதாய்ச் செய்ய மூன்று வாரம் ஆயிற்று.

அக்காலத்தில் என் நினைவில் ஓயாது நின்றவர் உ. வே. சாமிநாதையர். அவர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுக்கள் இல்லை, கிடைக்கவில்லை. ஏனைய சில பாட்டுக்களிலும் சிதைந்த இடங்கள் புள்ளிகளாகவே நிற்கின்றன. ஐயருடைய புலமைக்கு அவ்விடங்களில் ஓரிரு சீரைப் பெய்வது அரிதோ? ஓசை பிறழாது, பொருள் வழுவாது, எவரும் ஐயுறா வண்ணம் பெய்திருக்கலாம். பெய்திலர். மாணாக்கனாய் இருந்த நாளில் அப்புள்ளிகளைக் கண்டு நான் சலித்ததுண்டு. இப்போது யோகட் கிண்ணத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை எண்ணிப் பார்த்தேன்.

அத்தோடு மற்றொன்றையும் அழித்தேன். பந்தயத் திடலின் விமானம் என்றேனே, அதற்குரிய அணியெழுத்துக்களைச் சான்று ஏதுமின்றி, கண்ணுக்கு எடுப்பாயிருக்கும் என்று நானே புனைந்து எழுதியிருந்தேன். இன்று அவ்விடத்தில் வட்டக்குறி மட்டுமே உண்டு; அதன் இருமருங்கும் வெறுமை. பார்ப்போர், வேலை முடியவில்லையோ என்கின்றனர். முடிந்தது என்கிறேன்.

ஆனால் முடிந்திருக்கவில்லை. என் அன்னையார் எண்பதைக் கடந்தவர். விமானம் மேசைக்கு வந்த நாள்முதல் அவர் அவ்வறைக்குள் வருவதை விட்டிருந்தார். நானும் அதனைக் கவனியாதவன்போல் இருந்தேன். போர் நடந்த ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் வாழ்ந்தோர்க்கு விமானம் என்பது பதுங்குகுழியின் மறுபெயர். ஒருநாள் மாலை, முறிந்த குழாயைப் பொருத்துவதற்காக விமானத்தை மல்லாத்திக் கிடத்தியிருந்தேன். வாயிற்படியில் நின்றவாறே அதனை உற்று நோக்கினார்.

"தம்பி, இதின்ரை வயிறு என்ன வழுவழுவெண்டு இருக்கு? நாங்கள் கண்டதிலை கோடு, மூடி, கதவு எல்லாம் தெரிஞ்சதே. அவ்வளவு பதியத்தான் வந்தவங்கள்."

அவர் கண்டவை வேறு விமானங்கள், வேறு காலத்தவை. எனினும் அச்சொல் என்னைத் தைத்தது. சக்கரத்தின்மேல் நிற்கப்போகும் உருவம், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று அடிப்புறத்தை நான் தொடவே இல்லை. என் உழைப்பெல்லாம் விமானி அமரும் அறையில்தான். விமானத்தைக் கீழிருந்து மட்டுமே கண்டவர்களின் ஊரில் இருந்துகொண்டு மேலிருந்து காண்பவனுக்காகவே வேலை செய்திருக்கிறேன்!

மருமகனுக்கு எழுதினேன். இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் எல் 1592 என்னும் எண்ணுள்ள முதல் வகை ஹரிகேன் உள்ளது. 1940ஆம் ஆண்டுப் போரிற் பங்குகொண்டது. அது நிலத்தில் நிற்கவில்லை, கூரையினின்றும் தொங்குகிறது. அவன் அதன்கீழ் நின்று நாற்பது படங்கள் எடுத்து அனுப்பினான். அவை கொண்டு மீண்டும் தொடங்கினேன். வயிற்றின்கீழ்த் துருத்தும் குளிர்விப்பான் பெட்டியில் வார்ப்பு வெறும் கீறல்களையே காட்டியது. அதனை வெட்டியெடுத்துத் தேநீர் வடியின் கம்பிவலையைப் பதித்து, நடுவே எண்ணெய் குளிர்விக்கும் வட்டத்தையும் அமைத்தேன். சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும் குழியினுள் செப்பிழைகளை ஓட்டினேன். மூடிகளின் விளிம்புகளை ஊசியாற் கீறி, எண்ணெய்க் கசிவைக் காற்றோடும் திசையில் மெல்லத் தீற்றினேன். அந்நாட்களில் அன்னையார் கதவருகே ஒரு நாற்காலி இட்டு அமர்ந்திருப்பார். சிற்சில வேளை, "அங்கை கொஞ்சம் கறுப்புக் கூட" என்பார்.

முற்றுப்பெற்றதும் தங்கூசி கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டால் வயிறும் தெரியுமே என்று எண்ணி ஏணியைக் கொணர்ந்தேன். "தொங்கவிட வேண்டாம், தம்பி. மேசையிலையே இருக்கட்டும்" என்றார் அன்னையார். ஏணியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மேசையில்தான் இருக்கிறது. அதன் வயிற்றை அவரும் நானும் அம்மாணவியும் அன்றி வேறெவரும் கண்டிலர். சோழகம் எழும் வேளையில் மணல் படாதவாறு அதன்மேல் பழைய சேலைத் துண்டொன்றைப் போர்த்துபவர் இப்போது அன்னையார்தாம்.