கடுகு வாயுவில் கடுகு இல்லை

தரம் 11 வகுப்பில் முதலாம் உலக யுத்தம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், கடுகு வாயு கடுகுல இருந்தா எடுக்கிற?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரை வைத்துப் பொருளை எடைபோடுவது பெரியவர்களுக்கும் உள்ள பழக்கம்தான்.

அதில் கடுகு இல்லை. சாதாரண வெப்பநிலையில் அது வாயுவும் இல்லை, எண்ணெய் போன்ற திரவம். கடுகு மணம் வீசியதால் வந்த பெயர் அது. 1917 ஜூலையில் ஜேர்மனியப் படை பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே அதைப் பயன்படுத்தியது. பட்டவுடன் வலிக்காது என்பதே அதன் வஞ்சகம். சில மணித்தியாலங்கள் கழித்துத்தான் தோல் கொப்பளிக்கும், கண் எரியும், சுவாசப்பாதை புண்ணாகும். அதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

சரின் வேறு வகை. 1938 இல் ஜேர்மனியில் பூச்சிநாசினி தேடிய இரசாயனவியலாளர்கள் கண்டது. கெர்ஹார்ட் ஷ்ராடர் உட்பட நால்வரின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து அதற்குப் பெயரிட்டார்கள். நமது வயல்களில் தெளித்துவந்த சில பூச்சிநாசினிகளும் இதே சேதன பொசுபரசுக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவைக்கும் நொதியத்தை சரின் முடக்கிவிடும். சுருங்கிய தசை தளராது, மூச்சு நின்றுவிடும்.

1988 மார்ச் 16 இல் சதாம் ஹுஸைனின் விமானங்கள் ஈராக்கின் குர்திஷ் நகரான ஹலப்ஜா மீது கடுகு வாயுவையும் நரம்பு நச்சுகளையும் வீசின. ஆப்பிள் மணம் வந்ததாக உயிர் தப்பியோர் சொன்னார்கள். குண்டுக்குப் பயந்து நிலவறைக்குள் ஒளிந்தவர்களையும் காற்றைவிடப் பாரமான அந்த நச்சு தேடிச்சென்றது. ஐயாயிரம் பேர் வரை மடிந்தனர். 2013 ஆகஸ்ட் 21 இல் சிரியாவின் கூத்தாவில் மீண்டும் சரின்.

1997 இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதங்கள் சமவாயத்தில் நச்சுகளின் பட்டியல் உண்டு. ஆனால் அது பெயர்களோடு நின்றுவிடவில்லை. எந்த இரசாயனமாயினும், அதன் நச்சுத்தன்மையால் மனிதரைத் தாக்க எடுத்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதமே. நாம் கிணற்றுக்குப் போடும் குளோரீன்தான் 1915 இல் அதே ஈப்பரில் படையினரைக் கொன்றது.

“பெயரைப் பார்க்காதே மகள், எதற்கு எடுக்கிறார்கள் என்று பார்” என்றேன் அந்த மாணவியிடம்.

பிறகுதான் யோசித்தேன். சரினைச் செய்தவர்களின் பெயர் அந்த ஒரு சொல்லிலேயே நிலைத்துவிட்டது. ஹலப்ஜாவில் இறந்த ஒரு பிள்ளையின் பெயரையாவது நான் வகுப்பில் இதுவரை சொன்னதில்லை.