பழைய வண்டியிற் புதிய பொறி

இங்கிலாந்து தேசத்திலே 1948-ஆம் ஆண்டு வெளிப்போந்த மாரிஸ் மைனர் என்னும் சிறு மோட்டார் வண்டி, 1971 வரையிற் பதினாறு இலட்சம் அளவிற் செய்யப்பெற்று, இன்றும் அதன்பால் ஆர்வமுடையார் பலராற் பேணப்பட்டு வருகின்றது. 1956-இல் அதற்கமைந்த இயந்திரம் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவினது. 1962 முதல் 1,098. இவை இக்காலத்துப் பெருஞ்சாலைகளின் விரைவிற்கு ஈடுகொடாமையின், அவற்றை நீக்கி, அதே ஏ வரிசையைச் சார்ந்த 1,275 கொள்ளளவுள்ள இயந்திரத்தை வைத்துக்கொள்ளுதல் பெருவழக்காயிற்று. அங்ஙனம் மாற்றுவோர் பலர் எரிமூட்டும் அமைப்பையும் எலெக்ட்ரானிக் முறைக்கு மாற்ற விழைகின்றனர். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை யாம் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம். பொறி என்னும் ஒரு சொல்லே இயந்திரத்தையும் தீத்துளியையும் குறிக்கும் மொழியினராகிய நமக்கு இவ்வாராய்ச்சி முற்றும் அயலன்று.

முதற்கண் பழைய முறையை அறிதல் வேண்டும். அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங் வகுத்த இம்முறை 1910-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. பாட்டரியின் மின்சாரம் காயிலின் முதற்சுற்றிற் பாய்கின்றது. டிஸ்ட்ரிபியூட்டரினுள்ளே சுழலும் நான்முகத் தண்டு, நம் நாட்டு மெக்கானிக்குகள் பிளாட்டினம் என வழங்கும் இணைமுகங்களை விலக்குந்தோறும் அம்மின்சாரம் அறுபடுகின்றது. அறுபடுங் கணத்தே, மிகப் பல சுற்றுகளையுடைய இரண்டாஞ் சுற்றிற் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகின்றது. (பெயர் பிளாட்டினமாயினும் பொருள் டங்ஸ்டனே. பொருள் மாறியும் பெயர் மாறாமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.) நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் இது நொடிக்கு நூறு முறை நிகழ்தல் வேண்டும். இணைமுகங்கள் விலகும் தூரமோ 0.015 அங்குலமே. தண்டில் உராயும் குதிகால் தேயத் தேய அத்தூரம் சுருங்கும். சுருங்கவே பொறி பிந்தும்.

எலெக்ட்ரானிக் முறையில் மாறுவது இவ்விலக்குதல் ஒன்றே. தண்டின்மேற் செருகப்பெறும் வளையத்திற் காந்தங்கள் பதிந்துள்ளன. அவை அணுகி அகலுதலை, எட்வின் ஹால் 1879-இற் கண்ட விளைவினைக் கொண்டு ஒரு சிறு கருவி உணர்ந்து, டிரான்ஸிஸ்டர் வாயிலாக மின்சாரத்தை அறுக்கின்றது. தேய்தற்கு ஆங்கொரு குதிகாலும் இல்லை. இதனாலன்றோ பலரும் இதனை வாங்கிப் பொருத்தியவளவில் யாவும் செம்மையுற்றதாகக் கருதிவிடுகின்றனர்!

ஆனால் இயந்திரத்தை மாற்றியவர்க்குத் தலையாய கேள்வி வேறு. பெட்ரோல் ஆவி முற்றும் எரிதற்குச் சிறிது காலம் வேண்டுமாதலின், பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி எழுதல் வேண்டும். வேகம் மிகுந்தோறும் இன்னும் முந்துதல் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரினுள் உள்ள எடைகளும் சுருள்வில்களும் இம்முந்துகையை வேகத்திற்கேற்ப அளக்கின்றன. வெற்றிடக் குமிழ் சுமைக்கேற்பத் திருத்துகின்றது. அவ்வளவு இயந்திரத்திற்கு இயந்திரம் வேறு. 948-இன் டிஸ்ட்ரிபியூட்டர் 1,275-இலும் பொருந்துகின்றது, வண்டியும் ஓடுகின்றது. அதுவே மோசம். முந்துகை மிகின், மேடேறும்பொழுது இயந்திரத்தினுள் கல் தட்டுவது போன்ற ஓசை எழும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டிச் சென்றால் பிஸ்டன் உடைதலும் உண்டு. முந்துகை குறையின் வலி குன்றிச் சூடு ஏறும். உள்ளே பொருத்தும் காந்தக் கருவி பழைய எடைகளையும் வில்களையும் அப்படியே வைத்துக்கொள்வதாதலின், இக்குறையை அது தீர்க்கமாட்டாது. தண்டு ஆட்டங் கண்டிருப்பின் அதனையும் தீர்க்கமாட்டாது. ஆகவே 1,275-க்கு உரிய டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் தேடிப் பெறுக. காந்தக் கருவியைப் பின்னர் எண்ணுக. காம் தண்டையும் கார்புரேட்டரையும் மாற்றியவர்க்கு எந்தப் பழைய அளவும் ஒத்துவராது. அவர்க்கு நெதர்லாந்தில் ஆகும் 123இக்னிஷன் போன்று, பல முந்துகைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தக்க கருவி ஏற்றது. விலை பன்மடங்கெனினும் வீணன்று.

இரண்டாவது, எர்த். மைனர் வண்டியில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்துள்ளது. எதிர்முனை எர்த்திற்கெனச் செய்த கருவியை அதில் இணைத்தால் கணப்பொழுதில் எரிந்துபோம். நேர்முனைக்கென்றே செய்தது வாங்கலாம். அன்றேல், பாட்டரியையும் காயிலின் இணைப்புகளையும் மாற்றி, டைனமோவிற்கும் புதுமுனை ஊட்டல் வேண்டும். ரேடியோவும் ஆல்டர்னேட்டரும் வைக்க எண்ணாதவர் பழைய முனையையே விடாதிருத்தல் நன்றென்பது எம் கருத்து.

காயிலையும் ஓம் மீட்டரால் அளந்து பார்த்தல் வேண்டும். முதற்சுற்று 3 ஓமாயின் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும். சில பிற்காலத்து இயந்திரங்களோடு வரும் காயில் 1.5 ஓமே, தடைக்கம்பி இன்றி அதனை இணைத்தால் 8 ஆம்பியர் பாய்ந்து கருவியைச் சுட்டுவிடும். பிளக் வயர்களும் செம்புக் கம்பியாயிராமல், இரைச்சல் அடக்கும் வகையினவாயிருத்தல் வேண்டும்.

நடுத்தர வேகத்தில் ஓடுவார்க்கு, ஒழுங்காகப் பேணிய பிளாட்டினமும் குறைவுடையதன்று என்பதை மறைக்க மாட்டோம். அது கெடுமுன் தடுமாறிக் காட்டும்; சாலையோரத்தில் உப்புத்தாளால் தேய்த்து உயிர்ப்பிக்கலாம். எலெக்ட்ரானிக் கருவியோ யாதொரு குறியுமின்றி நின்றுவிடும். ஆதலின் அதனைப் பொருத்துவோர், கழற்றிய பிளாட்டினத்தையும் கண்டன்ஸரையும் அவற்றின் தட்டோடு எறிந்துவிடாது, ஒரு திருப்புளியுடன் துணியிற் சுற்றி வண்டியிலேயே வைத்திருப்பாராக.