அடைத்த கதவுக்குள் உடற்பயிற்சி

2020: மதுரையின் இரண்டாவது முடக்கம்

பயிற்றுநர் ஓரிடத்திலும் பயில்பவர் வேறோரிடத்திலும் இருக்க, வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, காணொலி அழைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியாகத் திட்டமிட்டு நடத்தப்படும் பயிற்சியே தொலைவழி உடற்பயிற்சி எனப்படுகிறது. மதுரை மக்களுக்கு இதன் தேவை 2020ஆம் ஆண்டில் நேரடியாகப் புலப்பட்டது. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றே தமிழகத்தின் முதல் கொரோனா உயிரிழப்பு மதுரையில் நேர்ந்தது. தளர்வுகள் வந்து ஊர் சற்றே மூச்சுவிட்ட வேளையில், மாநகராட்சிப் பகுதியும் பரவை பேரூராட்சியும் சுற்றியுள்ள மூன்று ஒன்றியங்களும் ஜூன் 24 முதல் ஜூலை இரண்டாம் வாரம் வரை மறுபடியும் முழுமையாக அடைபட்டன. உடற்பயிற்சிக் கூடங்கள் ஆகஸ்ட் 10 அன்றுதான் திறக்க அனுமதி பெற்றன. தேனி சாலையும் பைபாஸ் ரோடும் சந்திக்கும் காளவாசல் என்னும் நெரிசலான பகுதியில், காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவதையே மருந்தாகக் கொண்டிருந்த சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும், நான்கு சுவர்களுக்குள் அச்சத்தோடு முடங்கினர்.

அந்த முடக்கம் நீங்கினாலும் வீட்டுக்குள் முடங்குவதற்கான காரணங்கள் முற்றிலும் நீங்கிவிடவில்லை. சித்திரை, வைகாசி வெயிலும், ஓயாத வாகனப் போக்குவரத்தும், படுத்த படுக்கையாய் உள்ளவரை விட்டு அகல முடியாத குடும்பக் கடமையும் இன்றும் பலரை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வைக்கின்றன.

அழுத்தம் உடலில் செய்யும் வேலை

கவலை நீடிக்கும்போது அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீரை (ஹார்மோனை) மிகையாகச் சுரக்க, அதனால் உறக்கம் கலைந்து, இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் உயரக்கூடும். உறக்கம் கெட்டவர் மறுநாள் அசையச் சோம்புவதால், உடலும் மனமும் ஒன்றையொன்று கீழே இழுக்கும் சுழல் உருவாகிறது. தசைகள் சீராக இயங்கும்போது உறக்கம் ஆழமடைவதோடு, மனத்தை இலகுவாக்கும் எண்டார்ஃபின் போன்ற வேதிப்பொருட்களும் சுரப்பதால், அந்தச் சுழலை அறுப்பதற்கு மிக எளிய இடமாக உடலே அமைகிறது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்ததை நோக்கினால், உடற்பயிற்சியை உடல் இளைப்பதற்கான வழியாக மட்டும் பார்ப்பது எவ்வளவு குறுகிய பார்வை என்பது விளங்கும்.

வானொலி காட்டிய வழி

தொலைவழிப் பயிற்சி கைபேசியோடு பிறந்ததன்று. ஜப்பானில் 1928இல் தொடங்கப்பட்ட வானொலி உடற்பயிற்சி, இசைக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கைகால்களை அசைக்கும் சில நிமிட நிகழ்ச்சியாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்றுபோய், 1951இல் புது வடிவில் மீண்டு, இன்றளவும் அந்நாட்டு முதியோரின் காலைப் பழக்கமாக நீடிக்கிறது. அதில் காட்சியே இல்லை, குரல் மட்டுமே உண்டு என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு குரல் அழைக்கிறது, அதே நேரத்தில் பிறரும் அசைகிறார்கள் என்ற உணர்வே அதை ஏறத்தாழ நூறாண்டுக் காலம் வாழவைத்திருக்கிறது. இணையத்தில் ஆயிரக்கணக்கான பயிற்சிக் காணொலிகள் இலவசமாகக் கிடைத்தும் பலர் நான்காம் நாளே நிறுத்திவிடுவதற்கு, வராதவரைத் தேடி ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க அங்கே ஆளில்லாமையே பெருங்காரணம் எனலாம். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உலக யோகா நாள் ‘வீட்டில் யோகா, குடும்பத்துடன் யோகா’ என்ற கருப்பொருளில் நடந்தது நல்ல முயற்சியே. ஆயினும் ஒரு நாள் நிகழ்வு அன்றாடப் பழக்கமாவதற்கு அந்த விசாரிப்பும் உடன் இருந்தாக வேண்டும்.

எவ்வளவு, எப்படி

வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என்றும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை இரண்டு நாட்களேனும் செய்யவேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் தடுமாறி விழாதிருக்க உடற்சமநிலைப் பயிற்சியை மூன்று நாட்களேனும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான இயக்கம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், நின்ற இடத்திலேயே நடத்தல் ஆகியவற்றுக்கு எட்டடிக் கூடமே போதும். ‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறவளுக்கு உடற்பயிற்சி எதற்கு’ என்று பெண்களிடம் சொல்லப்படுவது முழு உண்மையன்று. வீட்டு வேலையும் உடலியக்கம்தான் என்றாலும், தசை வலுவையும் உடற்சமநிலையையும் அது போதிய அளவு தருவதில்லை, தனக்கென ஒதுக்கிய அரை மணி நேரம் தரும் மன ஆறுதலை ஒருபோதும் தருவதில்லை.

கைபேசி முன் நிற்பதற்கு முன்

பயிற்றுநர் அருகில் இல்லாததால் பாதுகாப்பு பயில்பவரின் பொறுப்பாகிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுவதும், வழுக்கும் பாயை அகற்றுவதும், முழங்காலின் வளைவு தெரியுமாறு கைபேசியைப் பக்கவாட்டில் வைப்பதும், முதியவர் பயிலும்போது வீட்டில் ஒருவர் உடனிருப்பதும் இன்றியமையாதவை. இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றில் தொடங்கலாகாது. இரத்த அழுத்தம் உள்ளோர் மூச்சை அடக்கி முக்கலாகாது. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் அக்கணமே நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும். பயிற்சியால் தணியாத மனச்சோர்வுக்கு, 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நுண்ணறி கைபேசி இல்லாத முதியவரே தொலைவழிப் பயிற்சியில் முதலில் விடுபடுகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடைப்பட்ட நாட்களில், பொத்தான் கைபேசியிலேயே ஐந்து நிமிடம் அழைத்து, நேற்று எத்தனை முறை எழுந்து அமர்ந்தீர்கள் என்று கேட்கும் ஏற்பாட்டுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.