பதிவேட்டில் இல்லாத வைரஸ்

வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள் ஒரே வாரத்தில் காய்ச்சலென்று வராவிட்டால் 'ஃப்ளூ' என்கிறோம். எந்த ஃப்ளூ என்பதை ஆய்வகம்தான் சொல்லும். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியைப் பிசிஆர் சோதனை செய்து, ஏ வகையா, பி வகையா, அதில் எந்தப் பிரிவு என்று பிரிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1952இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பில் இம்முடிவுகள் சேர்கின்றன. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனமும் அதில் உண்டு. இவற்றை வைத்தே ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசிக்கான வைரஸ்களைப் பரிந்துரைக்கிறார்கள்.

பி வகையின் யமகட்டா பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு இயல்பாகப் பரவியதாக எங்கும் உறுதியாகவில்லை. ஒருநாள் வராத மாணவரின் பெயரை நாம் அடித்துவிடுவதில்லையே! மூன்றாண்டுகளுக்கு மேல் தேடிய பிறகே, 2023 செப்டம்பரில், தடுப்பூசியில் அது இனித் தேவையில்லை என்றார்கள். ஆய்வகங்கள் இன்னும் அதைத் தேடுகின்றன.