மோனேயின் தோட்டமும் டிசம்பர் பூவும்

கம்மாபுரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் டிசம்பர் பூச்செடி உண்டு. மார்கழியில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கும். ஒரு வருஷம் பூத்தொடுக்க உட்கார்ந்த ஆயா, "என்னடா, இந்த வருசம் பூவெல்லாம் கருத்துப் போச்சு?" என்றார். பூ கருக்கவில்லை. ஆயாவின் கண்ணில் பொரை விழுந்திருந்தது.

ஓவியர் கிளாத் மோனேவுக்கும் இதுதான் நேர்ந்தது. 1883-இல் பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறிப் பூந்தோட்டம் போட்டவர் அவர். 1900-இல் அந்தத் தோட்டத்து ஐரிஸ் பூக்களை வரைந்தார். கிட்டே போனால் ஊதாவும் பச்சையுமாக வெறும் தீற்றல்கள். தள்ளி நின்றால் மர நிழலுக்கிடையே வெயில் விழும் பூப்பாத்தி. அப்படி ஊதாவைக் கண்டவருக்கு 1912-இல் கண்புரை என்றார்கள்.

கண்ணின் லென்ஸ் தண்ணீரும் புரதமும் சேர்ந்தது. வயதாக ஆகப் புரதம் திரண்டு, லென்ஸ் மஞ்சளித்துப் பழுப்பேறுகிறது. அது முதலில் மறிப்பது நீலத்தையும் ஊதாவையும்தான். மெல்ல மெல்ல நடப்பதால் மூளை பழகிவிடும், பார்ப்பவருக்கே தெரியாது. சாயக் குழாயில் எழுதியிருந்த பெயரைப் படித்து நிறம் எடுக்கும் நிலைக்கு மோனே வந்தார். அப்போது வரைந்த தோட்டத்து ஜப்பானியப் பாலம் தீப்பிடித்தது போலச் சிவந்து கிடக்கிறது.

1923-இல் வலக்கண் லென்ஸை எடுத்தார்கள். பதிலுக்கு வைக்க அன்று ஒன்றுமில்லை; தடித்த கண்ணாடிதான். எல்லாம் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று தவித்தார். இடக்கண்ணைத் தொடவே விடவில்லை. அந்த ஆண்டுகளில் ரோஜாத் தோட்டத்திலிருந்து தன் வீட்டைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு படத்தில் சிவப்பு மூடிக்கிடக்கிறது, இன்னொன்றில் நீலம்.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கலாம் என்று கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி லண்டனில் செய்து காட்டியது 1949-இல். ஆனால் இங்கே இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் விலை இறங்கியது. மோனேவுக்குக் கிடைக்காதது ஆயாவுக்குக் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவர் கிணற்றடியில் நின்று ஒரு கண்ணைப் பொத்தினார், பிறகு மறுகண்ணை. "இதுல ஊதாடா, அதுல கருப்பு!"

உங்கள் வீட்டுப் பெரியவர் பூவின் நிறத்தைத் தப்பாகச் சொன்னால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த கண் முகாமுக்கு அழைத்துப் போங்கள்.