யாரும் பார்க்காத புள்ளி

1846-ஆம் ஆண்டு. ஜப்பானின் ஒசாகா நகரில் இரண்டு பேர் 'கோ' என்ற பலகை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கென்னான் இன்செகி, நாடறிந்த மூத்த ஆட்டக்காரர். எதிரே இருந்தவர் ஷூசாகு, வயது 17. கூடியிருந்தவர்கள் கென்னான்தான் ஜெயிப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அங்கே இருந்த ஒரு மருத்துவர் மட்டும், "ஷூசாகு ஜெயித்துவிடுவார் போலிருக்கிறது" என்றாராம். அவருக்குக் கோ அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஷூசாகு 127-ஆவது காயை வைத்ததும் கென்னானின் காதுகள் சிவந்துபோனதை அவர் பார்த்துவிட்டார்.

மனம் பதறும்போது முகத்திலும் காதிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. காதின் தோல் மெல்லியது. அதனால் நிறம் சட்டென்று வெளியே தெரிந்துவிடும். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளலாம். காதை என்ன செய்வது? கடைசியில் ஷூசாகுதான் ஜெயித்தார். 'காது சிவக்கவைத்த காய்' என்றே அந்த 127-ஆவது காயை இன்றும் சொல்கிறார்கள்.

ஒரு சிறிய காயில் அப்படி என்ன இருந்தது? அதைப் புரிந்துகொள்ள விதி கொஞ்சம் தெரிய வேண்டும். சீனாவில் பிறந்து 2,500 ஆண்டுகளுக்கு மேலாக ஆடப்படும் விளையாட்டு இது. பலகையில் நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள். நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போலவே காய்களைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வைக்க வேண்டும். ஒருவருக்குக் கறுப்புக் காய், மற்றவருக்கு வெள்ளை. வைத்த காயை நகர்த்த முடியாது. ஒரு காயைச் சுற்றியுள்ள காலிப் புள்ளிகளை எல்லாம் எதிரி அடைத்துவிட்டால், அது பிடிபட்டது. முடிவில் யார் அதிக இடத்தை வளைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி.

ஷூசாகு அந்தக் காயை வைத்தது பலகையின் நடுப்பகுதியில். அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. பார்த்தால் சும்மா வைத்ததுபோல இருக்கும். ஆனால் அந்த ஒரு காய் மேலே ஷூசாகுவின் கறுப்புக்குரிய இடத்தை விரித்தது. வலப்பக்கம் வெள்ளையின் பலத்தை மட்டுப்படுத்தியது. கீழே தவித்துக்கொண்டிருந்த நான்கு கறுப்புக் காய்களுக்குத் துணையாக நின்றது. இடப்பக்கம் வெள்ளை வளைக்க நினைத்த இடத்துக்குள் நுழைய வழியும் திறந்தது. ஒரே காய், நான்கு வேலை! கென்னானுக்கு அது உடனே புரிந்திருக்க வேண்டும். அதனால்தான் காது சிவந்தது.

அவ்வளவு நல்ல இடம் என்றால் மற்றவர்கள் ஏன் பார்க்கவில்லை? ஒரு கணக்குப் போடுவோம். பலகையில் உள்ள புள்ளிகள் 361. முதல் காயை வைக்க 361 இடம், இரண்டாவதற்கு 360, மூன்றாவதற்கு 359. மூன்று காய்க்குள்ளேயே 4,66,55,640 வழிகள் வந்துவிட்டன! பலகையில் விதிப்படி அமையக்கூடிய நிலைகளை எண்ணினால் கிடைப்பது 171 இலக்க எண். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கே ஏறக்குறைய 80 இலக்கம் போதும். எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்க யாராலும் முடியாது. அதனால் நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலான புள்ளிகளைப் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார். அபூர்வமான காய் பல நேரம் அப்படி ஒதுக்கப்பட்ட புள்ளியில்தான் ஒளிந்திருக்கிறது.

கணினியும் ஒதுக்கத்தான் செய்கிறது. 2016 மார்ச்சில், தென்கொரியாவின் சியோல் நகரில், உலகப் புகழ்பெற்ற லீ சேடோல் 'ஆல்பாகோ' என்ற கணினி நிரலுடன் ஐந்து ஆட்டங்கள் ஆடினார். ஆல்பாகோவுக்குள் இரண்டு வலைப்பின்னல்கள் இருந்தன. மனிதர்கள் ஆடிய ஏராளமான ஆட்டங்களைப் படித்த ஒன்று, 'இந்த நிலையில் மனிதர் எங்கே வைப்பார்?' என்று ஊகிக்கும். மற்றது, 'இப்போது யார் கை ஓங்கியிருக்கிறது?' என்று மதிப்பிடும். இரண்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு, நம்பிக்கை தரும் வழிகளில் மட்டும் நிரல் ஆழமாகத் தேடும்.

இரண்டாவது ஆட்டத்தில் ஆல்பாகோவின் 37-ஆவது காய், ஓரத்திலிருந்து ஐந்தாவது கோட்டில் விழுந்தது. ஆட்டத்தின் தொடக்கத்தில் அப்படி வைத்தால் எதிரிக்கு ஓரத்தில் நிறைய இடம் போய்விடும் என்பது பெரியவர்கள் சொல்லித்தந்த பாடம். நேரலையில் விளக்கம் சொன்னவர்களே திகைத்தார்கள். ஒரு மனிதர் அங்கே வைக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றுதான் ஆல்பாகோவின் முதல் வலைப்பின்னலும் கணித்திருந்தது. ஆனாலும் அது தேடிப் பார்த்தது, நல்ல இடம் என்று கண்டது, வைத்தது. அந்த ஆட்டத்தை லீ இழந்தார். மூன்றாவதையும் இழந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது ஆட்டம், மார்ச் 13 அன்று நடந்தது. மூன்றில் மூன்றும் போய்விட்டது. தொடரே கைவிட்டுப் போய்விட்டது. லீ நெடுநேரம் யோசித்தார். பிறகு 78-ஆவது காயை, நடுவில் இரண்டு கறுப்புக் காய்களுக்கு இடையே ஆப்பு அடிப்பதுபோல் செருகினார். இதற்கும் ஆல்பாகோ கணித்திருந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான்! இந்த முறை அந்தப் பக்கத்தை அது ஆழமாகத் தேடவில்லை. அடுத்த காயிலேயே தவறு செய்தது. தவறு செய்தபோதும் தனக்கு வெற்றி வாய்ப்பு 70 சதவீதம் என்றே நம்பிக்கொண்டிருந்தது. 87-ஆவது காய் வாக்கில்தான் நிலைமை மோசம் என்று அதற்குத் தெரிந்தது. 180-ஆவது காயோடு தோல்வியை ஒப்புக்கொண்டது. சீனாவின் கூ லீ என்ற பெரிய ஆட்டக்காரர் 78-ஆவது காயை 'தெய்வத்தின் காய்' என்று புகழ்ந்தார்.

பிற்பாடு நிதானமாக ஆராய்ந்தவர்கள், ஆல்பாகோ சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அந்த ஆப்பு பலித்திருக்காது என்று கண்டார்கள். அதனால் லீயின் பெருமை குறையவில்லை என்பேன். எதிரி பார்க்காத இடத்தை, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்த்தார். ஐந்தாவது ஆட்டத்தில் ஆல்பாகோ ஜெயித்து, தொடர் 4-1 என முடிந்தது.

இந்த ஆட்டங்கள் எல்லாமே காய் காயாகப் பதிவாகியிருக்கின்றன. பெரியவர்கள் துணையோடு இணையத்தில் தேடிப் பாருங்கள். ஆடிப் பார்க்க ஆசையா? ஓர் அட்டையில் நெடுக்கே 9, குறுக்கே 9 கோடுகள் போடுங்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த 81 புள்ளிகள் போதும். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சோழி. கறுப்புதான் முதலில் வைக்க வேண்டும்.